சுருளியாண்டியின் சம்மதம்

ஒரு காட்டில் ஓர் அருங்காட்சியகம் இருந்தது. காட்டில் எதற்கு அருங்காட்சியகம் என்று கேட்காதீர்கள். அந்தக் காட்டு மிருகங்களும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தன. அதனால்தான் இந்தக் கதையே வந்தது.

என்றோ மான் சுட வந்த துரை ஒருவன் தங்குவதற்குக் கட்டிய ஓட்டு பங்களா அது. துரை போய்விட்டான். மான்கள் இருக்கின்றன. பங்களாச் சுவரில் பாதியை ஆலம் விழுது தாங்கியது, மீதியைப் பழக்கதோஷம் தாங்கியது. உள்ளே ஒரு சாரைப்பாம்பு கிழியாமல் ஒரே மூச்சில் உரித்துப்போட்ட சட்டை தொங்கியது. ஜீப்பிலிருந்து கழன்று விழுந்த பக்கக் கண்ணாடி ஒன்று மாடக்குழியில் இருந்தது. பெண் குருவி வந்து சுற்றிப் பார்த்து, 'பிடிக்கலை' என்று சொல்லிவிட்டுப் பறந்துபோனதால் பாதியில் நின்ற தூக்கணாங்குருவிக் கூடு ஒன்றும் இருந்தது. அதைக் கட்டிய குருவியின் வம்சத்தார் மானத்துக்குப் பயந்து அந்தப் பக்கமே தலைகாட்டுவதில்லை.

நடுக்கூடத்தில், தரை பெயர்ந்த இடத்தில், காய்ந்த களிமண்ணில் ஒரு யானைக் காலடி.

அவ்வளவுதான் அருங்காட்சியகம்.

அதற்குக் காப்பாளர் சுருளியாண்டி என்ற எறும்புதின்னி. உடம்பு பூராவும் செதில், முகத்தில் எப்போதும் மன்னிப்புக் கேட்கிற பாவனை. சம்பளம், கட்டடத்தில் உள்ள கரையான் முழுவதும். கரையான் காட்சிப் பொருள்களைத் தின்னும். சுருளியாண்டி கரையானைத் தின்பார். இவ்வளவு பொருத்தமான உத்தியோகத்தை எந்தச் சர்க்காரும் யாருக்கும் போட்டுக் கொடுத்ததில்லை.

குறை ஒன்றுதான். யாராவது கேள்வி கேட்டால் அவர் சுருண்டுவிடுவார். பெரிய கேள்வி, சின்னக் கேள்வி என்ற பேதமே கிடையாது. வாக்கியம் கேள்வியாக முடிந்தால் போதும். டப்! தலை வயிற்றுக்குள், வால் தலைக்கு மேல், ஆள் பந்து.

ஒருமுறை வழிதவறி வந்த முயல் ஒன்று, "இது என்னங்க, சட்டையா?" என்று கேட்டது. டப். முயல் கொஞ்ச நேரம் பந்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. 'இதுவும் காட்சிப் பொருள்தான் போல, நல்லாத்தான் செஞ்சிருக்காங்க' என்று பாராட்டிவிட்டுப் போய்விட்டது. அந்தப் பருவத்துக்கு அதுதான் கடைசிப் பார்வையாளர்.

ஆனால் சுருளியாண்டிக்கு அந்தக் காலடி உயிர். அதற்குக் காரணம் உண்டு. காடே வற்றிப்போன ஒரு பஞ்சத்தில் பெரியநாச்சி என்ற யானை எல்லா மிருகங்களையும் இழுத்துக்கொண்டு அலைந்தாள். இந்தக் கூடத்துக்கு வந்தவள், தரையை மோந்து பார்த்து நின்றாள். காலால் உதைத்து உதைத்துத் தரையைப் பெயர்த்தாள். அடியில் ஈரம் கசிந்தது. 'முதல்ல குட்டிகள், சின்ன உடம்புக்காரங்க. நான் கடைசி' என்று காவலுக்கு நின்றாள். அம்மாவின் வால்மேல் தொற்றிக்கொண்டு வந்த ஓர் எறும்புதின்னிக் குட்டிதான் அன்று முதல் வாய் குடித்தது. அது சுருளியாண்டி. பிறகு மழை வந்தது, ஊற்று தூர்ந்தது, பெரியநாச்சியும் போய்ச் சேர்ந்தாள். அவள் கடைசியாக ஊன்றிய காலின் அச்சு மட்டும் களிமண்ணில் காய்ந்து நின்றது.

இந்தக் கதையை அவர் கரையான்களிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். கேட்டு முடித்ததும் அவற்றைத் தின்றுவிடுவதால் கதை வெளியே பரவவில்லை.

இப்படியிருக்கையில் ஒருநாள் அரசவைச் செயலர் குழந்தைவேலு வந்து நின்றார். குழந்தைவேலு ஒரு செந்நாய். அவர் சாதாரணமாகத் தும்மினாலே அது சுற்றறிக்கை மாதிரி இருக்கும்.

"இதனால் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால்," என்று தொண்டையைச் செருமினார். "பக்கத்துக் காட்டுப் புலியார் எதைச் செய்தாலும் குடிமக்களைக் கேட்டுத்தான் செய்கிறாராம். நம் புலியாருக்கு அதைக் கேட்டதிலிருந்து தூக்கமில்லை. ஆகவே, ஆள் வராத மேற்படி கட்டடத்தின் எதிர்காலம் குறித்து, சுற்றுவட்டாரத்தில் வசிப்போர் கூடிக் கருத்துச் சொல்ல வேண்டியது. அவர்கள் எடுக்கும் முடிவுக்குக் காப்பாளர் சம்மதம் சொன்னால் அன்றே வேலை தொடங்கும். சம்மதமில்லை என்று சொன்னாலோ, கூட்டத்துக்கு ஒரு ஈ காக்கை வராவிட்டாலோ, மேற்படி கட்டடம் செந்நாய்ப் படையின் ஓய்வறை ஆகும். என்ன சுருளி, விளங்குச்சா?"

டப்.

"விளங்கிருச்சு," என்று தனக்குத்தானே பதில் சொல்லிக்கொண்டு குழந்தைவேலு கூடத்தைச் சுற்றி வந்தார். யானைக் காலடிக்குப் பக்கத்தில் நின்றார். ஒரு காலை அதன் விளிம்பில் வைத்து அழுத்திப் பார்த்தார். களிமண்ணில் ஒரு சில்லு உதிர்ந்தது. "இந்தப் பள்ளத்தை மட்டும் நிரவிட்டா படுக்க சுகமா இருக்கும்."

பந்துக்குள் சுருளியாண்டிக்குத் தன் செதில் ஒன்றையே பிடுங்கினாற்போல இருந்தது.

இந்த இடத்தில் அந்தக் காட்டுச் சட்டம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பழைய புலியார் ஒருவர் ஒரு முயலைப் பார்த்து, "உங்களைச் சாப்பிடலாம்னு இருக்கேன், ஆட்சேபம் ஏதும் இல்லையே?" என்று வெகு மரியாதையாகக் கேட்டிருக்கிறார். பயத்தில் முயலுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. புலியார் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டார். சொந்தக்காரர்கள் திரண்டு போய் குகை வாசலில் ஒப்பாரி வைத்தார்கள். அன்றிலிருந்து சட்டம்: எந்த விஷயமானாலும் சம்பந்தப்பட்டவர் 'சம்மதம்' என்றோ 'சம்மதமில்லை' என்றோ வாய் திறந்து சொல்ல வேண்டும். சொல்லும்வரை யாரும் எதையும் தொடக்கூடாது. அந்த முயலுக்கு இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனால் சட்டம் நல்ல சட்டம்.

செயலர் போனதும் செவத்தி உள்ளே வந்தாள். செவத்தி ஒரு முள்ளம்பன்றி. வாசல் ஆலமரத்தடியில் நன்னாரி சர்பத் கடை போட்டிருந்தாள். ஆள் வராத அருங்காட்சியகத்தின் வாசலில் கடை போட்டவளின் வியாபார ஞானம் எப்படியோ, வாய் மட்டும் அமோகம்.

"கேட்டுக்கிட்டுத்தான்ணே இருந்தேன். நாளைக்குக் கூட்டத்துக்கு ஆள் வரணும், அவ்வளவுதானே? நீ சுருளாத, அது கேள்வி இல்ல. நான் பாத்துக்கிறேன்."

அவள் நேராகக் காட்டெருமை காத்தாயியிடம் போனாள். "மதினி, யாருகிட்டயும் சொல்லிராதீங்க. பங்களாவக் குரங்குக எழுதி வாங்கப் போகுதாம்." பிறகு வட்டார வாசிகள் நலச்சங்கத்தின் நிரந்தரத் தலைவரான குரங்கு வெள்ளையப்பனிடம் போனாள். "தலைவரே, யாருகிட்டயும் சொல்லிராதீங்க. பங்களாவ எருமைக வளைக்கப் போகுதாம்." யாரிடமும் சொல்லக்கூடாது என்று சொன்னால் அந்தக் காட்டில் செய்தி எவ்வளவு வேகமாகப் போகும் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் பொழுது சாய்கையில் நடுக்கூடத்தில் கால் வைக்க இடமில்லை. குழந்தைவேலு வாசலில் நின்று தலைகளைப் பார்த்துப் பார்த்து வாடினார்.

கூட்டத்தை நடத்தப் பக்கத்துக் காட்டிலிருந்து ஆலோசகர் நாராயணி மேடம் வந்திருந்தார். அவர் ஒரு நாரை. ஒற்றைக் காலில் நின்று, கழுத்தைக் கேள்விக்குறி மாதிரி வளைத்து, இப்படி ஆரம்பித்தார்:

"வணக்கம் உறவுகளே. நான் இங்க பேச வரல. கேட்க வந்திருக்கேன். இது உங்க இடம். உங்க குரல். உங்க கனவு. நான் வெறும் பாலம்." பேச வராத மேடம் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கும்வரை பேசினார். "இப்போ ஒரு சின்னப் பயிற்சி. ஆளுக்கு ஓர் இலை எடுத்து, உங்க கனவை அதுல கீறி, வேப்பம்பிசின் தொட்டு இந்தச் சுவர்ல ஒட்டுங்க. சரி தவறு கிடையாது. எல்லாக் கனவும் அழகுதான்."

எல்லோரும் ஒட்டினார்கள். மேடம் கண்ணை மூடி ஓர் ஆழமான மூச்சு விட்டுத் திறந்தபோது சுவர் காலியாக இருந்தது. மூலையில் ஒரு மான் நின்று மென்றுகொண்டிருந்தது.

"கருத்தெல்லாம் எங்க?"

"பசும் இலையா இருந்துச்சுங்க," என்றது மான். "காத்தாயி அக்கா கருத்து மட்டும் கொஞ்சம் கசப்பு."

ஆகவே வாயாலேயே சொல்லச் சொன்னார்கள். வெள்ளையப்பன் துள்ளி எழுந்து இல்லாத துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டார்.

"பெரியோர்களே! தாய்மார்களே! வாலுள்ளவர்களே! வால் இல்லாவிட்டாலும் மனமுள்ளவர்களே! இந்தப் பகுதியின் நீண்டநாள் கோரிக்கை என்ன? ஊஞ்சல்! உத்தரத்திலிருந்து தொங்குகிற மாதிரி ஓர் ஊஞ்சல். இதை நான் சுயநலத்துக்காகக் கேட்கவில்லை. என் பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள்."

"உக்காருப்பா," என்றாள் காத்தாயி. "தொங்குறதுக்குக் காட்டுல மரமா இல்ல? வெயில் காலத்துல எங்க பிள்ளைக தோலு வெடிச்சுப் போகுது. இந்தக் கூடத்த வெட்டிச் சேத்துக்குளமாக்கணும். நாலு பேரு படுத்து எந்திரிக்கிற மாதிரி."

"சேறா? அருங்காட்சியகத்திலா? நாகரிகம் வேண்டாமா?"

"நீ பேன் பாத்துத் திங்கிற ஆளு, நாகரிகத்தப் பத்திப் பேசுற!"

இப்படிக் கொஞ்ச நேரம் நாகரிகமாகப் போனது. நாராயணி மேடம் கழுத்தை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பித் திருப்பி, "ரெண்டு கனவும் கைகோத்தா எப்படி இருக்கும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் கைகோத்தே விட்டன. நடுக்கூடத்தில் சேற்றுக்குளம், அதற்கு மேலே ஊஞ்சல். குரங்குக் குட்டி கைதவறி விழுந்தாலும் அடிபடாது. எல்லோர் முகத்திலும் வெளிச்சம். நடுக்கூடத்தின் நடு எது என்று யாரும் குனிந்து பார்க்கவில்லை.

"அற்புதம்! காப்பாளர் ஐயா, உங்களுக்குச் சம்மதமா?"

சுருளியாண்டிக்குத் தொண்டைவரை ஒரு 'ஐயோ' வந்தது. அத்தனை கண்களும் அவர்மேல் திரும்பின. டப்.

மேடம் ஒற்றைக் காலில் காத்திருந்தார். குளக்கரையில் மீனுக்கு நின்று பழகிய கால். கூட்டமும் காத்திருந்தது. நட்சத்திரம் முளைத்தது. பந்து அசையவில்லை.

"ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல," என்று குழந்தைவேலு பல்லைக் கடித்தார். "சட்டப்படி எதையும் தொட முடியாது. கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது."

முடியாத சண்டையை விட்டுவிட்டு வீட்டில் யார் உட்கார்ந்திருப்பார்கள்? அடுத்த கூட்டத்துக்குக் காத்தாயி தன் நாத்தனார்களோடு வந்தாள். வெள்ளையப்பன் ஒரு மரத்தையே காலி செய்துகொண்டு வந்தார். அன்றும் கூடிப் பேசி, சண்டை போட்டு, சமாதானமாகி, சம்மதமா என்று கேட்டார்கள். டப். ஒத்திவைப்பு. அதற்கடுத்த கூட்டம். டப். ஒத்திவைப்பு. பந்து பிரியக் காத்திருக்கும் நேரத்தில் வேறு வேலை இல்லாததால், வரலாற்றிலேயே முதல்முறையாக அந்த வட்டாரத்தார் அருங்காட்சியகத்தைச் சுற்றிப் பார்த்தார்கள். வெள்ளையப்பன் ஜீப் கண்ணாடி முன்னால் நின்று, "யாரய்யா இந்த அழகன்?" என்று கேட்டுவிட்டு அங்கேயே தங்கிவிட்டார். தூக்கணாங்குருவி வம்சத்தில் ஓர் இளவட்டம் துணிந்து உள்ளே வந்தது. பாட்டன் கட்டிய கூட்டைத் தலைகீழாகத் தொங்கிப் பார்த்தது. "முடிச்செல்லாம் சுத்தமாத்தான் போட்டிருக்காரு. அந்தம்மாவுக்குத்தான் ரசனை இல்ல," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனது.

கூட்டம் கூடக் கூட செவத்தியிடம் நன்னாரி வேர் தீர்ந்துபோகவே, வெள்ளரிப் பிஞ்சும் வைத்தாள்.

ஒருநாள் காத்தாயி காலடிக்குப் பக்கத்தில் அசைபோட்டுக்கொண்டே, "இது யாரு காலு? எங்க மாமனார் ஏதோ ஒரு யானையப் பத்திச் சொல்வாரு," என்றாள். பேச்சு வளர்ந்து, பெரியநாச்சியின் பேரன் கொம்பனையே கூட்டி வந்தார்கள். வாலிப யானை. காதை ஆட்டிக்கொண்டு குனிந்து பார்த்தான். "எனக்குத் தெரியாதுங்க. எங்க வீட்டுல யாரும் சொன்னதில்லையே," என்றான்.

மூலையிலிருந்த சுருளியாண்டியின் காதில் அது விழுந்தது. பேரனுக்கே தெரியவில்லை.

அன்று கடை கட்டும்போது செவத்தி பொரிந்து தள்ளினாள். "கரையானுக்குச் சொல்றப்ப என் காதுலயும் விழுது. அந்தக் கதைய கொம்பனுக்குச் சொன்னா என்னண்ணே? நீ பேசாததாலதான் அவனுங்க சேத்தக் கொண்டாரேன், ஊஞ்சலக் கொண்டாரேன்னு நிக்கிறானுங்க. ஒருதரம், ஒரே ஒருதரம் வாயத் தொற."

நாராயணி மேடமும் சேர்ந்துகொண்டார். "பயத்தை நண்பனாக்கிக்கங்க ஐயா. மூக்கால மூச்சை இழுங்க. வாலை விரிங்க. நான் ஒரு குரல், எனக்கு ஓர் இடம் உண்டுன்னு சொல்லிக்கங்க." செவத்தி தினமும் அவர் எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்டாள். "சாப்டியா?" டப். "தூங்குனியா?" டப். "சர்பத்து நல்லாருக்கா?" பாதி சுருண்டு, நின்று, மெல்ல நிமிர்ந்து, "இனிப்பு கம்மி," என்றார் சுருளியாண்டி. செவத்திக்கு முள்ளெல்லாம் சிலிர்த்துவிட்டது.

அடுத்த கூட்டத்தில் யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே சுருளியாண்டி எழுந்து பின்னங்காலில் நின்றார். அவர் பேசினார். பஞ்சத்தைச் சொன்னார். வெடித்த ஆற்றைச் சொன்னார். பெரியநாச்சி தரையை மோந்து நின்றதை, உதைத்ததை, நான் கடைசி என்று சொன்னதை, தான் அம்மாவின் வாலிலிருந்து இறங்கிக் குடித்த முதல் மிடறு சேறும் தண்ணீருமாக எப்படி ருசித்தது என்பதைச் சொன்னார். "காத்தாயியம்மா, உங்க மாமனாரு அன்னைக்கு இங்க கன்னுக்குட்டி. தலைவரே, உங்க தாத்தா உங்க கொள்ளுப்பாட்டி வயித்தக் கட்டிக்கிட்டுத் தொங்குனாரு. இங்க நிக்கிற எல்லாரும் இந்தக் காலடியில குடிச்சவங்க பிள்ளைகதான்."

சொல்லி முடித்தார். ஒருமுறைகூடச் சுருளவில்லை.

காத்தாயி தேம்பினாள். கொம்பன் கண்ணைத் துடைக்கத் தும்பிக்கை போதவில்லை. வெள்ளையப்பன் கண்ணாடியைக்கூட மறந்துவிட்டு அழுதார். மான் மெல்லுவதை நிறுத்தியது. "சேத்துக்குளம் வேணாம்!" என்றாள் காத்தாயி. "ஊஞ்சலும் வேண்டாம்!" என்றார் வெள்ளையப்பன். "இந்தக் காலடியை உயிரைக் கொடுத்துக் காப்போம்!" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

வழக்கமான கதையாக இருந்தால் இங்கே நிறுத்தி, துணிவே துணை என்று ஒரு நீதியை எழுதி, யானையும் எறும்புதின்னியும் கைகுலுக்குகிற படம் ஒன்று போட்டு முடித்திருக்கலாம். ஆனால் காத்தாயி இன்னும் பேசி முடிக்கவில்லை.

"இம்புட்டு நாளு தெய்வத்தத் தரையில போட்டு வச்சிருக்கோமேப்பா! கோயில் கட்டணும்!"

"கட்டுவோம்!" என்று வெள்ளையப்பன் உத்தரத்துக்குத் தாவினார். "பெரியநாச்சியம்மன் ஆலயம்! திருப்பணிக் குழுத் தலைவர் பொறுப்பை, நீங்கள் வற்புறுத்தினால், ஏற்கிறேன்."

"ஆனாலும் தர்மகர்த்தா ஒருத்தர் அரசவையிலிருந்து இருப்பதுதான் முறை," என்றார் குழந்தைவேலு. எப்போது உள்ளே வந்தாரோ, முன்வரிசையில் நின்றார்.

"மொதல்ல அபிஷேகம்! இன்னைக்கே, இப்பவே! கொம்பா, ஓடு, ஆத்துல தண்ணி எடுத்துட்டு வா. மஞ்சளக் கரைங்க!"

"அபிஷேகம் வேணாம்," என்று சுருளியாண்டி பதறினார். "அது களிமண்ணு. தண்ணி பட்டா கரைஞ்சிரும்."

"அம்மன் காலடி கரையுமா? சும்மா இரு சாமி," என்றாள் காத்தாயி பரவசமாக.

"உண்மையான பக்தி இருந்தால் கரையாது," என்றார் வெள்ளையப்பன்.

"கரைஞ்சுதுன்னா அதுவும் அவ விளையாட்டுதான்," என்றது மான்.

கொம்பன் திரும்பி வந்தான். தும்பிக்கை நிறையத் தண்ணீர். பேச முடியாமல், மூச்சும் விட முடியாமல், கண் பிதுங்க, பாட்டியின் காலடிக்கு நேராகத் தும்பிக்கையை நீட்டிக்கொண்டு நின்றான். நுனியிலிருந்து ஒரு சொட்டு ஆடியது.

நாராயணி மேடத்துக்குச் சிறகு கொள்ளாத சந்தோஷம். "இவ்வளவு ஒற்றுமையை என் அனுபவத்துல பார்த்ததில்லை! ஏகமனதான முடிவு. சட்டத்துக்காக ஒரே ஒரு வார்த்தை. காப்பாளர் ஐயா, சம்மதமா?"

சுருளியாண்டி யோசித்தார். சம்மதம் என்றால் தண்ணீர். சம்மதமில்லை என்றால் செந்நாய்ப் படை வந்து பள்ளத்தை நிரவிப் படுத்துக்கொள்ளும். இன்னும் ஒரு முறை பேசலாம்தான். ஆனால் ஒருமுறை பேசியதற்கே கோயில். இன்னொரு முறை நன்றாகப் பேசிவிட்டால் ராஜகோபுரம் வரும்.

எதிரே கூட்டத்தின் ஓரத்தில் செவத்தி, 'பேசுண்ணே, பேசு' என்று சைகை காட்டிக்கொண்டிருந்தாள்.

சுருளியாண்டி மெல்ல நடந்தார். காலடியின் விளிம்பில் பூப்போல இறங்கினார். பெரியநாச்சியின் குதிகால் ஊன்றிய இடத்தில் முதுகை வைத்தார். மூக்கால் மூச்சை இழுத்தார். மேடம் சொல்லிக்கொடுத்தபடியே தனக்கு ஓர் இடம் உண்டு என்று சொல்லிக்கொண்டார்.

டப்.

அவர் பயமில்லாமல் சுருண்டது அதுதான் முதல் தடவை. யானைக் காலடிக்குள் பந்து கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது, முட்டைக்கென்றே செய்த கூடு மாதிரி.

மேடம் காத்திருந்தார். காத்தாயி காத்திருந்தாள். கொம்பன்தான் பாவம். முகம் சிவந்து, காது விடைத்து, இனி தாங்காது என்று திரும்பி வாசலைப் பார்த்து விட்டான் ஒரு பீச்சு. அதற்குள் வாசலுக்குப் போய் ஆலயத்தின் எல்லைகளை அளந்துகொண்டிருந்த குழந்தைவேலு முழுசாக நனைந்தார். அபிஷேகம் அந்த வகையில் நடந்தேறியது.

"கூட்டம்," என்றார் அவர் காதிலிருந்து தண்ணீரை உதறியபடி, "ஒத்திவைக்கப்படுகிறது."

அதன்பிறகு எத்தனையோ மழை பெய்துவிட்டது. கூட்டம் இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. கோயிலா, மண்டபமா, மண்டபமென்றால் குரங்கு வாசல் தனியாக வேண்டுமா என்று பேச்சு ஓடுகிறது. காத்தாயியின் பேத்திகளுக்கும் இதில் திடமான கருத்து உண்டு. காட்டிலேயே அதிகக் கூட்டம் கூடும் இடம் அதுதான் என்று தெரிந்து, பக்கத்துக் காட்டுப் புலியார் வயிறெரிகிறாராம். நம் புலியார் நிம்மதியாகத் தூங்குகிறார். நாராயணி மேடம் தன் வாழ்நாளின் மிகப் பெரிய வெற்றி என்று இதை ஊர் ஊராகப் பறந்துபோய்ச் சொல்கிறார். குழந்தைவேலுகூட நல்ல இடம் பிடிக்க வெள்ளனவே வந்துவிடுகிறார்.

சுருளியாண்டிக்குக் கேள்வி பயமெல்லாம் போய்விட்டது. 'இது யாரு காலடி?' என்று எந்தக் குட்டி கேட்டாலும் உட்காரவைத்து முழுக் கதையும் சொல்கிறார். கேட்டவர்கள் உயிரோடு திரும்பிப் போவதால் கதை காடெல்லாம் பரவியிருக்கிறது. போன பருவத்தில் கொம்பன் தன் குட்டியைக் கூட்டிவந்து, கதையைத் தானே சொன்னான். ஒன்றிரண்டு இடத்தில் மிகைப்படுத்தினான். சுருளியாண்டி திருத்தவில்லை.

ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் அவர் இன்னமும் சுருண்டுவிடுகிறார். எல்லோரும் கூடி, கைகோத்து, ஒருமனதாகி, சம்மதமா என்று கேட்கிற அந்த ஒரு கேள்விக்கு.

ஒருநாள் கூட்டம் கலைந்தபின் செவத்தி சர்பத்தோடு வந்து பந்துக்குப் பக்கத்தில் குத்தவைத்தாள். யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "அண்ணே, எங்கிட்ட மட்டும் சொல்லு. இது நெசமாவே பயமா, நடிப்பா?" என்றாள்.

பந்தில் ஒரே ஒரு செதில் மட்டும் லேசாகத் தூக்கிக்கொண்டது.

"எலுமிச்ச கொஞ்சம் தூக்கலா பிழி," என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

நீதி: வாய் திறந்து பேசினால் ஊர் ஒன்றுகூடி நல்லது செய்துவிடும், ஆகவே காப்பாற்ற வேண்டியதன் மேலேயே சுருண்டு படு. இதில் ஆட்சேபம் உள்ளவர்கள் அடுத்த கூட்டத்துக்கு வரலாம். சர்பத் உண்டு.